பகைவனுக்கும் ஒரு நடுகல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நாயகன் எத்துணை வலியவன் என்பதை அவனை எதிர்ப்பவனே காட்டுகிறான். எதிர்ப்பவன் வைக்கோல் பொம்மையாக இருந்தால் நாயகனின் வெற்றிக்கும் மதிப்பில்லை. படிப்போர் நம்பும் எதிர்நாயகனைப் படைப்பது எங்ஙனம்? மூச்சடக்கிப் படிக்கும் சண்டைக் காட்சியை எழுதுவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்குக் கிருஷ்ணகிரி வட்டாரத்தின் நடுகற்களிலிருந்தும் தெருக்கூத்திலிருந்தும் தமிழ் இலக்கிய மரபிலிருந்தும் விடை காண முயல்கிறது இப்பாடம்.

கல்லில் நிகழும் போர்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் எனப் பரந்து கிடக்கும் நிலம் நடுகற்கள் மிகுந்த நிலமாகும். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஊர்ப்புறத்திலும் அவை நிற்கின்றன. சிலவற்றுக்கு ஊரார் இன்றும் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் இவ்வட்டார நடுகற்களைக் காணலாம். எல்லைக்கு அப்பால் கருநாடகத்தில் இத்தகைய கல்லை 'வீரகல்லு' என்பர்.

நடுகல் ஒன்றை உற்று நோக்கினால் அதற்குள் ஒரு சிறுகதை அடங்கியிருப்பது புலப்படும். வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்தி நிற்கிறான். அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கின்றன. காலடியில் ஆக்கள் சில செதுக்கப்பட்டுள்ளன. மேலே சில வரி எழுத்து. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், இறந்தவன் யார், எதற்காக இறந்தான் என்னும் செய்திகள் அவ்வரிகளில் அடங்குகின்றன. காலம், இடம், மாந்தர், முரண், முடிவு என ஒரு கதைக்கு வேண்டிய அனைத்தும் ஒரு கல்லுக்குள் வந்துவிடுகின்றன.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்றுண்டு. எருமைகளைக் காக்கும் போரில் ஒரு வீரன் மடிகிறான். அவனுடைய நாய் அவ்விடம் விட்டு அகலாமல் நின்று, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காக்கிறது. கல்லில் வீரனோடு நாயின் உருவமும் இடம்பெற்றுள்ளது. அதன் பெயர் 'கோவிவன்' என்பதையும் எழுத்து தெரிவிக்கிறது. பகைவர் எத்தனை பேர், எதைக் காக்கப் போர் நடந்தது, வீரன் விழுந்த பின் என்ன நேர்ந்தது என மூன்று செய்திகளே அங்குள்ளன. எனினும், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அச்சண்டை கண்முன் நிகழ்கிறது.

நடுகற்கள் கற்பிக்கும் இன்னொரு பாடமே கதை எழுதுவோர்க்கு மிக இன்றியமையாதது. ஆநிரையைப் பழந்தமிழில் 'தொறு' என்பர். கவரப்பட்ட தொறுவை மீட்கப் போரிட்டு இறந்தவனுக்குக் கல் நட்டனர். தொறுவைக் கவரச் சென்று இறந்தவனுக்கும் அவனைச் சார்ந்தோர் கல் நட்டனர். ஓர் ஊரில் கள்வன் எனப்பட்டவன், அடுத்த ஊரில் மாலை சூட்டி வழிபடப்படும் வீரனாக நிற்கிறான். எதிர்நாயகனைப் படைக்கும் கலையின் அடிப்படை இவ்வுண்மையில் உள்ளது. பகைவனுக்கும் ஓர் ஊருண்டு. அவனை நினைந்து கல் நடுவோர் அங்கு உண்டு.

இரு பக்கத்துக்கும் பூ

தமிழரின் போர் இலக்கணம் இவ்வுண்மையை முன்பே உணர்ந்திருந்தது. ஆநிரை கவர்வோர் வெட்சிப் பூச் சூடினர். மீட்போர் கரந்தைப் பூச் சூடினர். மண்ணாசையால் படையெடுத்துச் செல்வோர்க்கு வஞ்சி. எதிர்த்து நின்று தடுப்போர்க்குக் காஞ்சி. மதிலை வளைப்போர்க்கு உழிஞை. உள்ளிருந்து காப்போர்க்கு நொச்சி. இவ்வாறு எதிரெதிர் நிற்கும் இரு பக்கத்துக்கும் தனித்தனிப் பூவும் தனித்தனித் திணையும் வகுத்துக் காட்டுகிறது புறப்பொருள் வெண்பாமாலை. ஒரு பக்கத்தை மட்டும் பெயரிட்டு மறுபக்கத்தை வெறும் இருட்டாக விட்டுவிடவில்லை.

பரணி இலக்கியமும் இங்கு எண்ணத்தக்கது. அது வென்றவனைப் புகழப் பாடப்படுவது. ஆயினும் நூலுக்குத் தோற்றவர் பெயரையே இடுவது மரபு. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடினார். நூலின் பெயரோ கலிங்கத்துப்பரணி. தோற்றவரின் பெருமையே வென்றவரின் பெருமைக்கு அளவுகோல் என்பது இதன் உட்பொருள். கிரேக்கரின் பெருங்காப்பியமான இலியத்து, கிரேக்க வீரன் அக்கிலீசின் வெற்றி விழாவோடு முடிவதில்லை. அவனால் கொல்லப்பட்ட திராய் நகர இளவரசன் எக்தரின் இறுதிச் சடங்கோடு முடிகிறது. பகைவனை மதித்த இலக்கியங்களே காலத்தைக் கடந்து நிற்கின்றன.

எதிர்ப்பவை எல்லாம் தீயவையா?

பேச்சுவழக்கில் 'வில்லன்' எனப்படும் எதிர்நாயகனை உருவாக்குமுன், கதையில் நாயகனை எதிர்த்து நிற்பது எது என்பதை எழுதுபவர் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எதிர்ப்பது எப்போதும் ஒரு மனிதனாக இருக்க வேண்டுவதில்லை.

கருநாடகத்தின் பன்னார்கட்டாக் காடுகளிலிருந்து ஆண்டுதோறும் யானைக் கூட்டங்கள் சவளகிரி, தளி, ஓசூர்ப் பகுதிகளுக்கு வருகின்றன. கேழ்வரகு முற்றி நிற்கும் வயலில் ஓர் இரவில் புகுந்து உழவரின் ஓராண்டு உழைப்பை அவை உண்டு முடித்துவிடும். இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காக்கும் உழவருக்கு யானை எதிரிதான். ஆனால், யானைக்கு வஞ்சம் இல்லை. பசியும் பழகிய வழித்தடமுமே உண்டு. இதைக் கதையாக்குபவர் யானையைக் கொடியதாகச் சித்திரித்தால் கதை பொய்த்துவிடும். பசிக்கும் பசிக்கும் இடையிலான மோதலாகச் சித்திரித்தால் கதை உயரும்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர் இராஜாஜி. அவருடைய 'திக்கற்ற பார்வதி' என்னும் கதையில் ஓர் எளிய குடும்பத்தை மது அழிக்கிறது. அக்கதையின் உண்மையான எதிர்நாயகன் குடிப்பழக்கமே. 1937இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது அவர் மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆட்சியில் எதிர்த்துப் போராடிய ஒன்றையே எழுத்திலும் அவர் எதிரியாக நிறுத்தினார். அக்கதை 1974இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

தெரிந்து தெளிவோம்

இராஜாஜி இராமாயணத்தைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' என்றும் மகாபாரதத்தை 'வியாசர் விருந்து' என்றும் எளிய உரைநடையில் எழுதினார். 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இராவணன், துரியோதனன் என்னும் இரு பெரும் எதிர்நாயகர்களின் கதைகளை எளிய நடையில் ஆயிரக்கணக்கான இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தவர் தொரப்பள்ளியில் பிறந்த எழுத்தாளரே.

நம்பத்தக்க எதிர்நாயகன்

தமிழ் இலக்கியத்தின் சிறந்த எதிர்நாயகர்களை ஆராய்ந்தால் அவர்களிடம் நான்கு கூறுகள் காணப்படும்.

முதலாவது காரணம். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் கோவலன்மீது பகை கொண்டவன் அல்லன். அவனை முன்பின் அறியாதவன். அரசியின் சிலம்பைத் திருடியவன் அப்பொற்கொல்லனே. களவு வெளிப்படுமோ என்னும் அச்சத்தில் வாழ்ந்தவனின் முன், அதே போன்ற சிலம்பை விற்க ஒருவன் வந்து நிற்கிறான். தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. அச்சமும் வாய்ப்பும் ஒரே நாளில் ஒன்று சேர்ந்தன. அதனால்தான் அவன் செயலைப் படிப்போர் ஐயமின்றி நம்புகின்றனர்.

சினம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நான்காக வகுக்கிறது. உறுப்பைச் சிதைத்தல், குடியையும் சுற்றத்தையும் கெடுத்தல், அடித்தும் வைதும் அலைக்கழித்தல், கொலை என்பன அவை. எதிர்நாயகனின் சினம் இவற்றுள் எதிலிருந்து முளைத்தது என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே எழுதத் தொடங்குவது நன்று.

இரண்டாவது அறிவு. கோவலனைக் கண்ட காவலர்கள் அவன் தோற்றத்தைப் பார்த்து, இவன் கள்வன் அல்லன் என ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் சினந்து கத்தவில்லை. கள்வர் துணைக்கொள்ளும் எண்வகை வழிகளைக் கற்றவன்போல் எடுத்துரைக்கிறான். கள்வர் திறமைக்குச் சான்றாகக் கதையும் சொல்கிறான். கேட்போர் மனம் தடுமாறுகிறது. முடிவில், கூட்டத்திலிருந்த முரடன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். எதிர்நாயகன் தன் கையால் வெட்டவே இல்லை, சொல்லால் வெட்டினான். நாயகனுக்கு நிகரான அறிவோ அதனினும் மிக்க அறிவோ எதிர்நாயகனிடம் இருக்கும்போதுதான் கதையில் அச்சம் பிறக்கும்.

மூன்றாவது காயம். கம்பரின் இராவணன் முதற்போரில் தேரும் முடியும் படைக்கலனும் இழந்து வெறுங்கையனாய் நிற்கிறான். இராமன் அவனைக் கொல்லாமல் திருப்பி அனுப்புகிறான். இலங்கைக்கு மீளும் இராவணனை வருத்துவது எது? வானவர் நகைப்பரே என்பதைவிட, சீதை நகைப்பாளே என்னும் எண்ணம்தான் அவனை வாட்டுகிறது. மூவுலகையும் அஞ்சவைத்தவனின் உள்ளத்தில் இவ்வளவு சிறிய, இவ்வளவு மனிதத்தன்மையுள்ள ஒரு காயத்தைக் கம்பர் வைத்தார். அந்த நொடியில் இராவணன் வெறும் அரக்கனாக இல்லாமல் மனிதனாகிவிடுகிறான்.

நான்காவது எல்லை. கும்பகருணன் அண்ணனின் செயல் அறமன்று என்பதை அறிந்தவன். அதை அண்ணன் முகத்துக்கு நேரே கூறியவன். தன் பக்கம் வருமாறு வீடணன் அழைத்தபோதும் அவன் செல்லவில்லை. உண்ட சோற்றுக்கும் உடன்பிறப்புக்கும் கடன்பட்டு, தோல்வி உறுதி என அறிந்தே களம் புகுகிறான். எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கும் தாம் கடக்க மறுக்கும் கோடு ஒன்றுண்டு. அந்தக் கோடு எது என்பதைக் காட்டிவிட்டால் அம்மாந்தர் உயிர்பெற்றுவிடுவார்.

இந்நான்கும் ஒருங்கே அமைந்த இக்கால எடுத்துக்காட்டு, கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' புதினத்தின் நந்தினி. சோழர் குலத்தை வேரறுக்கத் துடிப்பவள் அவள். வீரபாண்டியனின் தலை ஆதித்த கரிகாலனால் கொய்யப்பட்ட இரவை அவளால் மறக்க முடியவில்லை. அவள் செய்யும் சூழ்ச்சிகளைக் கல்கி மறைக்கவில்லை; அவள் துயரையும் மறைக்கவில்லை. ஆகவே படிப்போர் அவளை அஞ்சுகின்றனர். அவளுக்காக இரங்கவும் செய்கின்றனர்.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். எதிர்நாயகனின் காரணத்தைக் கூறுவது அவன் செயலை நியாயப்படுத்துவதாகாது. பொற்கொல்லனின் அச்சத்தைப் புரிந்துகொள்ளலாம். அதனால் கோவலனின் கொலை சரியாகிவிடாது. புரியவைப்பதே எழுத்தாளரின் பணி. தீர்ப்பைப் படிப்போர் வழங்குவர்.

தோற்றத்தால் தீயவரா?

எளிய வழியில் எதிர்நாயகனைப் படைக்க விரும்புவோர் அவன் புறத்தோற்றத்தைப் பற்றிக்கொள்வர். கறுத்த நிறம், முகத்தழும்பு, ஊனமுற்ற கால், புரியாத மொழி ஆகியவற்றுள் ஒன்றைக் கொடுத்துவிட்டால் படிப்போர் அவனைத் தீயவனென நம்பிவிடுவர் எனக் கருதுவர். இது சோம்பலான எழுத்து மட்டுமன்று. பிறரைப் புண்படுத்தும் எழுத்துமாகும்.

ஓசூர் போன்ற எல்லை நகரில் இதன் விளைவை எளிதில் உணரலாம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் அது. சிப்காட் தொழிற்பேட்டைகள் வளர்ந்த பின் வட மாநிலத் தொழிலாளர்களும் பெருந்தொகையில் வந்து வாழ்கின்றனர். காலையில் ஓசூரிலிருந்து பெங்களூருவுக்குப் பணிக்குச் செல்வோர் பலர். அங்கிருந்து இங்கு வருவோரும் பலர். காவிரி நீர்ச் சிக்கல் முற்றிய 2016 செப்டம்பரில் பேருந்துகள் எல்லையிலேயே நின்றன. மக்கள் சுமைகளைத் தூக்கிக்கொண்டு ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நடந்து எல்லையைக் கடந்தனர். அந்நாளில் நடந்தவர்களுள் இரு மொழியினரும் இருந்தனர். இருவர்க்கும் கால் ஒரே வகையில்தான் வலித்தது.

இத்தகைய ஊரில் வாழும் மாணவர், தம் கதையின் தீயவனுக்கு அண்டை மொழியையோ அயல் மாநிலத்தையோ அடையாளமாகச் சூட்டினால், வகுப்பில் அருகில் அமர்ந்திருப்பவரின் தந்தையைத் தீயவராக்கிவிடுகிறார். எதிர்நாயகனுக்கு மொழி இருக்கலாம், ஊர் இருக்கலாம், நிறம் இருக்கலாம். ஆனால், அவன் தீமை அவற்றிலிருந்து பிறத்தல் கூடாது. அவன் எடுத்த முடிவிலிருந்தே பிறக்க வேண்டும்.

சண்டைக் காட்சி அமைக்கும் முறை

சண்டைக் காட்சியில் படிப்போர் காண விரும்புவது அடிகளின் எண்ணிக்கையை அன்று. எது கைவிட்டுப் போகும், எது மிஞ்சும் என்பதையே அவர்கள் அறிய விரும்புகின்றனர். இதற்கும் நடுகல்லே வழிகாட்டுகிறது.

வீரனின் காலடியில் ஆக்களைச் செதுக்கிய சிற்பி, எதற்காக இப்போர் என்பதை முதலில் காட்டிவிட்டார். எழுத்தாளரும் அவ்வாறே செய்ய வேண்டும். மோதிக்கொள்ளும் இருவருக்கும் இடையில் ஒரு பொருள், ஓர் ஆள், ஒரு சொல் கிடக்க வேண்டும். அதைப் படிப்போர் சண்டைக்கு முன்பே கண்டிருக்க வேண்டும்.

அடுத்து இடம். சிலம்பம் ஆடுபவரின் கம்பு ஏறத்தாழ அவர் நெற்றி அளவு உயரமுடையது. திறந்த களத்தில் அது சுழன்றால் நான்கு பேர் நெருங்க இயலாது. குறுகிய சந்தில் அதே கம்பு சுவரில் முட்டி நிற்கும். கைத்தடி வைத்திருப்பவன் வென்றுவிடுவான். எனவே, சண்டை நிகழும் இடத்தை எழுத்தாளர் தாளில் வரைந்து பார்க்க வேண்டும். கதவு எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, தரை ஈரமா என்பன அறியப்பட்டால் சண்டை தானே அமையும்.

மூன்றாவது உடல். மனித உடல் களைக்கும், வியர்க்கும், நடுங்கும். ஓங்கிக் குத்தியவரின் விரலும் நோகும். நடுகல் வீரனின் உடலில் அம்புகள் தைத்திருப்பதைச் சிற்பி மறைக்கவில்லை. வலியற்ற சண்டையில் வீரமும் இல்லை.

நான்காவது நடை. மோதலின்போது தொடர்கள் சுருங்கட்டும், வினைச்சொற்கள் முன்வரட்டும். சிங்கம், புலி, இடி, மின்னல் என உவமைகளை அடுக்கினால் காட்சி நின்றுவிடும். கோவலனின் கொலையை இளங்கோவடிகள் நீட்டவில்லை. பேச்சு நீளமாக நிகழ்கிறது. வாள் ஒருமுறைதான் வீசப்படுகிறது. கொலைக்கு முந்திய தயக்கத்தை நீட்டிக் கொலையைச் சுருக்கியதாலேயே அக்காட்சி நெஞ்சை உலுக்குகிறது.

ஐந்தாவது பின்விளைவு. பிற்கால நடுகற்கள் சிலவற்றில் மூன்று அடுக்குகள் உண்டு. கீழடுக்கில் போர், நடுவடுக்கில் வானமகளிர் வீரனை அழைத்துச் செல்லுதல், மேலடுக்கில் வீரன் சிவலிங்கத்தின் அருகில் இருத்தல். போருக்கு ஓர் அடுக்கு என்றால், போருக்குப் பிந்தியவற்றுக்கு இரண்டு அடுக்குகள். கதையிலும் சண்டைக்குப் பின் யார் மருத்துவமனையில், யார் வேலையிழந்தார், எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதைக் காட்ட வேண்டும். அடி விழுந்த இடத்தோடு கதையை முடிப்பது பாதிக் கதையே.

ஒரே காட்சி, இரு வடிவங்கள்

ஓசூரின் ஒரு சிறு லேத் பட்டறை. ஒப்பந்தத் தொழிலாளியான இளைஞன் ஒருவனுக்கு இரண்டு மாதக் கூலி வரவில்லை. ஆள் ஒப்பந்தக்காரரிடம் அதைக் கேட்கிறான். இக்காட்சியை ஒரு மாணவர் முதலில் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்:

"முறுக்கிய மீசையும் சிவந்த விழிகளும் கொண்ட அந்தக் கொடியவன் ஏளனமாகச் சிரித்தான். இளைஞன் சிங்கம்போல் பாய்ந்தான். அவன் விட்ட ஒரே அடியில் பத்துப் பேர் பறந்து விழுந்தனர். கொடியவன் மண்ணைக் கவ்வினான். நீதி வென்றது."

இதில் பிழையான சொல் ஒன்றுமில்லை. ஆனால், உண்மையான மனிதர் ஒருவருமில்லை. ஒப்பந்தக்காரர் யார் என மாணவர் எண்ணிப் பார்க்கிறார். அவரும் இருபது ஆண்டுகளுக்கு முன் வறண்ட ஊர் ஒன்றிலிருந்து வந்து, பேருந்து நிலையத்தில் உறங்கி, லேத்தில் நின்று பழகியவர். தாம் இல்லாவிட்டால் இப்பிள்ளைகளுக்கு வேலையே கிடைக்காது என உண்மையாகவே நம்புபவர். அவசரத்துக்குப் பணம் கொடுப்பார். கூலிக் கணக்கில் நாள்களைக் குறைத்தும் எழுதுவார். இவற்றை அறிந்த பின் எழுதிய இரண்டாம் வடிவம் வருமாறு:

இரவுப் பணி முடிந்திருந்தது. இரண்டு லேத்துகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கும் அளவே வழி. அங்கே நின்று ஒப்பந்தக்காரர் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசக் கூலி, அண்ணா."

"கம்பெனியில இருந்து எனக்கே இன்னும் வரலை, தம்பி. உங்க அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ பணம் கட்டினது யாரு? அன்னைக்கு நான் கணக்குப் பார்த்தேனா?"

இளைஞனுக்கு மறுமொழி எழவில்லை. அவர் சொன்னது உண்மை. குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே 26 நாளுக்குப் பதில் 19 என்றிருந்ததும் உண்மை. அவன் கை நீண்டது. அவர் குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மறுகையால் அவன் மணிக்கட்டைப் பற்றினார். பிடி இறுகியது. லேத்தில் பழகிய கை. அவன் திமிறினான். தரையில் எண்ணெய். கால் வழுக்கியது. விழாமலிருக்க ஊன்றிய கை, இரும்புச் சீவல் நிறைந்த தட்டில் புதைந்தது.

இருவரும் கத்தவில்லை. குறிப்பேடு எண்ணெயில் கிடந்தது. அவர் தோள்துண்டை எடுத்து அவன் உள்ளங்கையைச் சுற்றி இறுகக் கட்டினார். கட்டி முடித்ததும் குனிந்து, குறிப்பேட்டை எடுத்துத் துடைத்துத் தம் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"காலையில பேசிக்கலாம்."

இரண்டாம் வடிவத்தில் ஓர் அடிகூட விழவில்லை. எனினும் இதுவே வலிமையான சண்டைக் காட்சி. குறிப்பேடு இக்காலத்துத் தொறுவாக நடுவில் கிடக்கிறது. குறுகிய வழியும் எண்ணெய்த் தரையும் சண்டையின் போக்கை முடிவு செய்கின்றன. காயம்பட்ட கையால் நாளை இயந்திரத்தை இயக்க முடியுமா என்னும் கவலை எழுகிறது. காயத்துக்குக் கட்டுப்போட்ட அதே கை, கணக்கை ஒளித்துவைக்கிறது. அவரை முழுமையாக வெறுக்கவும் இயலவில்லை, மன்னிக்கவும் இயலவில்லை. அவ்விரண்டுக்கும் நடுவில் படிப்போரை நிறுத்துவதே எதிர்நாயகனின் வெற்றியாகும்.

படுகளம்

கிருஷ்ணகிரி, தருமபுரி உள்ளிட்ட வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறும். பகலில் பாரதம் படித்தலும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். அதன் உச்சம் பதினெட்டாம் போர் எனப்படும் படுகளம். திறந்தவெளியில் துரியோதனன் மல்லாந்து கிடக்கும் பேருருவை மண்ணால் அமைத்து வண்ணம் தீட்டுவர். பீமனும் துரியோதனனும் கதாயுதங்களுடன் அவ்வுருவைச் சுற்றிப் போரிடுவர். முடிவில் பீமன் தொடையில் அடிக்க, மண்ணுருவின் தொடையிலிருந்து செந்நீர் பெருகும். திரௌபதி தன் விரிந்த கூந்தலை முடிப்பாள்.

கதை முழுதும் துரியோதனன் தீயவன் என்பதை ஊரார் அறிவர். அவையில் ஒரு பெண்ணை இழிவுபடுத்தியதை இரவு முழுதும் விழித்திருந்து கூத்தில் கண்டவர்கள் அவர்கள். ஆயினும் அவன் விழுந்த பின் விழா உடனே ஆரவாரமாகிவிடுவதில்லை. அவன் மனைவி பெருந்திருவாள் களத்துக்கு வந்து ஒப்பாரி வைக்கிறாள். தொடையில் அடிப்பது கதாயுதப் போரின் முறையன்று என்பதையும் கூத்து மறைப்பதில்லை. வென்றவன் கையில் ஒரு கறையும், தோற்றவனுக்கு அழ ஒரு குரலும் அங்கு உள்ளன.

எழுதத் தொடங்கும் மாணவர்க்கு இம்மரபு தரும் அறிவுரை எளிது. எதிர்நாயகனைக் கதையில் வீழ்த்துவதற்கு முன், அவன் இறந்தால் அழுபவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் இரண்டு வரிப் பேச்சும் அளித்தல் வேண்டும். அவ்வாறு செய்துவிட்டால், நாயகன் அடைந்த வெற்றியின் விலை என்ன என்பது படிப்போர்க்குத் தானே விளங்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள நடுகல் ஒன்றை நேரில் கண்டு, அதிலுள்ள உருவங்களை வரைந்து, அக்கல் கூறும் கதையைப் பத்து வரிகளில் எழுதுக.

2. நீங்கள் அறிந்த கதை ஒன்றின் எதிர்நாயகர், தம் தாய்க்கு எழுதும் மடலாக ஒரு பக்கம் எழுதுக. அவர் தம் செயலுக்குக் கூறும் காரணம் அதில் இடம்பெற வேண்டும்.

3. வகுப்பறையை அளந்து வரைபடம் வரைக. இருவர் ஒரு கடிதத்துக்காகப் போராடும் காட்சியை, ஓர் உவமைகூட இன்றி, நூறு சொற்களில் எழுதுக.

4. பாடத்தில் இடம்பெற்ற லேத் பட்டறைக் காட்சியின் மறுநாள் காலையை எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பரணி நூலுக்கு யார் பெயர் இடப்படுகிறது?
அ) வென்ற அரசர்  ஆ) தோற்றவர்  இ) படைத்தலைவர்  ஈ) பாடிய புலவர்

2. கவரப்பட்ட ஆநிரையை மீட்போர் சூடும் பூ
அ) வெட்சி  ஆ) வஞ்சி  இ) கரந்தை  ஈ) நொச்சி

3. எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு இடம்பெற்றுள்ள உருவம்
அ) யானை  ஆ) குதிரை  இ) புலி  ஈ) நாய்

குறுவினா

1. 'தொறு' என்பதன் பொருள் யாது?

2. சினம் பிறக்கும் நான்கு இடங்களைக் குறிப்பிடுக.

3. யானையை எதிரியாகக் கொண்ட கதையில் எழுத்தாளர் எதில் கவனம் கொள்ள வேண்டும்?

சிறுவினா

1. பொற்கொல்லன் நம்பத்தக்க எதிர்நாயகனாக அமைவதற்குரிய காரணங்களை விளக்குக.

2. காரணம் கூறுவதும் நியாயப்படுத்துவதும் வேறுவேறு என்பதை எடுத்துக்காட்டுடன் நிறுவுக.

நெடுவினா

1. நடுகற்கள், தெருக்கூத்து ஆகியவற்றின் துணைகொண்டு, சண்டைக் காட்சி அமைக்கும் முறையைத் தொகுத்து எழுதுக.

2. 'புறத்தோற்றத்தாலும் மொழியாலும் ஒருவரைத் தீயவராகச் சித்திரித்தல் தகாது' – உங்கள் பகுதியின் வாழ்வியலோடு பொருத்தி விவாதிக்க.